இரண்டு பூட்டும் ஒரு டிரெஸ்ஸரும்

போன மாதம் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு டாக்டரம்மா வந்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தீவில்தான் என்பதால் பேச்சில் பாதி இந்தி. போதைப் பழக்கத்துக்கென்று ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு திறக்கப் போகிறார்களாம். மருந்து கொடுக்கும் அறை வாசலில் என் பெயரில் ஒரு பலகை வைக்கவேண்டுமென்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்களாம்.

"அங்கிள், கோலி, அதான் மாத்திரை, கொடுக்கறதுல இன்னிக்கும் நாங்க உங்க தரீக்காவைத்தான் ஃபாலோ பண்றோம். முத்தையா சார் முறைன்னுதான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தர்றோம். அது எப்படி வந்துச்சுன்னு திறப்பு விழா மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, ப்ளீஸ்" என்றார்.

பலகை என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காபியும் முறுக்கும் கொடுத்து அனுப்பிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே சூசை வந்து நின்றுகொண்டான். இத்தனை வருஷம் கழித்தும் என் இடத்தில் வந்து நிற்க அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. இது அநியாயமான பேச்சு என்று எனக்கே தெரிகிறது. அவன் விஷயத்தில் நான் என்றைக்கு நியாயமாக இருந்தேன்?

நான் ராமநாதபுரத்துக்காரன். மெட்ராஸில் கம்பவுண்டர் படிப்பு படித்தேன், பாஸ் செய்தேன், வேலை கிடைக்கவில்லை. அந்தமானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், கப்பல் ஏறினேன். வழியெல்லாம் வாந்தி. என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, போன இடமெல்லாம் என் தலைக்கு மேலே மாட்டிவைத்தேன்.

ஐம்பதுகளில் என்னைப் போட்ட இடம் ரங்கத் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, காட்டு முகாம்களுக்கென்று இருந்த ஒரு சின்ன டிஸ்பென்சரி. அப்போது சாலை கிடையாது. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் லாஞ்ச் என்கிற மோட்டார் படகு ஏறி வந்து இறங்கி, மிச்சத்தை நடக்க வேண்டும். மரம் இழுக்கும் யானைகளை நடத்துகிற பர்மாக்காரக் கிழவர்கள், தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாத பழைய கைதிகள் என்று அபின் பழக்கம் உள்ளவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். சர்க்கார் அவர்கள் பெயரைப் பதிந்து பாஸ் கொடுத்திருந்தது. பாஸைக் காட்டினால் தினம் ஒரு மாத்திரை. அளவை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார்.

டாக்டர் திருநெல்வேலிக்காரர். ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பார். அவருடைய நாற்காலியில் எப்போதும் நோயாளி உட்கார்ந்திருப்பார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வார். என்னை "ஓய் முத்தையா" என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். "இவங்களுக்கு ஒரேயடியா நிறுத்தினா ஒண்ணு சாவான், இல்லேன்னா திருட்டுச் சாராயத்துக்குப் போவான் ஓய். நாம குடுக்கிறது சுத்தமான சரக்கு, அளந்த சரக்கு. ஆளு உயிரோட இருந்தாத்தானே பழக்கத்தை விட முடியும்?" என்பது அவர் கட்சி. நன்னடத்தைப் பிரசங்கம் எதுவும் அவரிடம் கிடையாது.

அபின் இருந்த மரப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. பெரிய பூட்டின் சாவி டாக்டரிடம், சின்னப் பூட்டின் சாவி என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். சான்றிதழ் உள்ள கம்பவுண்டர் இல்லாத டிஸ்பென்சரியில் அந்தப் பெட்டியே இருக்கக்கூடாது. ஆகவே அந்தப் பெட்டி என் பெயரில் இருந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். காலையில் இரண்டு பேருமாகத் திறந்து, அபினைத் தராசில் நிறுத்து, பீங்கான் பலகையில் வைத்து உருட்டுவேன். பிறகு ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக வாங்கிக்கொள்ள வேண்டும். என் கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியதும் "மூஹ் கோலோ" என்பேன். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் நாக்குக்கடியில் ஒளித்துக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள், அல்லது யாருக்காவது விற்றுவிடுவார்கள். பேரன் எடுத்த கிழவர்கள் என் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். எனக்கு அது தப்பாகவே தோன்றியதில்லை.

சூசை அங்கே டிரெஸ்ஸர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன், கத்தோலிக்கன். வள்ளத்தில் வேலை செய்ய இந்தத் தீவுக்கு வந்து, கை நசுங்கி எங்களிடம் கட்டுப் போட வந்தவன், அப்படியே கட்டுப் போடும் ஆளாகிவிட்டான். எட்டாவதுகூட முடித்ததில்லை. ஆனால் பர்மாப் பேச்சு பேசுவான், வங்காளம் பேசுவான், இந்தியைத் தண்ணீராகப் பேசுவான். நான் லீவில் போகும் நாட்களில் டாக்டர் அவனை ஜன்னலில் உட்கார வைப்பார். அவன் ஒருவரையும் வாயைத் திறக்கச் சொல்லமாட்டான். ஒரு கறுப்புச் சாயாவைக் கையில் கொடுத்து, "கல் க்யா பனாயா, தாதா?" என்று முதல்நாள் சமையலை விசாரிப்பான். அவர்களும் மீன் குழம்பு வைத்ததில் தொடங்கி மருமகள் கோபித்துக்கொண்டு போனது வரைக்கும் சொல்வார்கள். வரிசை நகரவே நகராது. விதியை மீறிச் சலுகை காட்டி நல்ல பெயர் வாங்குகிறான் என்று நினைத்து எனக்கு வயிறு பற்றி எரியும்.

அதைவிட எரிந்தது இன்னொன்று. டாக்டர் அவனைக் கம்பவுண்டர் படிப்புக்கு மெயின்லாண்டுக்கு அனுப்பச் சிபாரிசு எழுதியிருந்தார். விதிவிலக்குக் கேட்டு, இரண்டு பக்கம். அதைத் தட்டச்சு செய்தவன் நான். 'அபூர்வமான கண் உடையவர்' என்று அவனைப் பற்றி ஒரு வரி இருந்தது. என்னைப் பற்றி வருஷாந்தர அறிக்கையில் அவர் எழுதியது 'திருப்திகரம்'. அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போதுதான் ஃப்ளூ வந்தது. உலகம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவந்த காய்ச்சல், எங்கள் காட்டுக்குள்ளும் லாஞ்ச் ஏறி வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள், வாரச்சந்தையை நிறுத்தினார்கள். மெயின்லாண்டு கப்பல் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் பாஸ்காரர்களுக்கு என்ன செய்வது? மாத்திரையை முகாமுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றார். "நான் போறேன் சார்" என்று சூசை சொல்லிவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் திறப்பதாகவே இல்லை.

தினமும் காலையில் நான் உருட்டிக் கொடுத்ததை ஒரு தகரச் சிமிழில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மூன்று முகாமும் நடந்தே போய்வருவான். கையிருப்பு குறைந்ததும் எல்லோருக்கும் கால் பங்கு குறைக்க வேண்டியிருந்தது. அதையும் அவன்தான் போய்ச் சொன்னான். கப்பல் இல்லை, இருப்பதை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்றானாம், சரி என்றார்களாம். நான் போய்ச் சொல்லியிருந்தால் என் மேல் கல் விழுந்திருக்கும். முகாம் முழுக்க "சூசை பாபு, சூசை பாபு" என்று ஒரே பேச்சு. மாத்திரை உருட்டியவன் பெயரை ஒருத்தன் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் டாக்டரும் படுத்துவிட்டார். படுப்பதற்கு முன்னால் பெரிய பூட்டின் சாவியைச் சூசையிடம் கொடுத்துவிட்டார். ஒரு டிரெஸ்ஸரிடம்! "முத்தையாகிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு. ரெண்டு பேருமாப் பார்த்துக்கிடுங்க" என்றார். ஒரே ஆளிடம் இரண்டு சாவியும் இருக்கக்கூடாது என்பதுதான் விதி. அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, முற்பகல் பதினோரு மணி இருக்கும். சூசை முகாமிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். ஊ சான் என்று ஒரு யானைக்காரக் கிழவர் உண்டு. ஊ என்பது பர்மாக்காரர்கள் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. அவருக்குத்தான் முடியவில்லை.

"அண்ணாச்சி, நேத்தும் மாத்திரைய வாந்தி எடுத்திருக்காரு, இன்னைக்கும் எடுத்துட்டாரு. நேத்து வாந்தி எடுத்ததைச் சொல்லாம மறைச்சிருக்காங்க. ரெண்டு நாளா மருந்து உள்ள போவல. வயித்தால வேற போவுது. பொட்டியத் தொறங்க, தண்ணி மருந்தாக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பார்ப்போம்."

"அது ஃப்ளூடா. மூக்கு ஒழுகுது, நடுங்குது, உடம்பு வலிங்கிறார், அவ்வளவுதானே? முகாம்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு."

"ஃப்ளூ இல்ல அண்ணாச்சி. மேலு சில்லுனு கெடக்கு. ஓயாமக் கொட்டாவி விடுறாரு. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிக்கி. கண்ணு மணி இவ்ளோ பெருசா இருக்கு. இது அபின் இல்லாத கொறதான்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. மெட்ராஸில் நான் படித்த புத்தகத்தில் அதே வரிசையில் அச்சடித்திருந்தது. கிடைக்காமல் போன அபினுக்கு உடம்பு படும் பாடும் ஃப்ளூவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கண்மணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். படிக்காத அவன் பார்த்துவிட்டு வந்து நிற்கிறான். படித்த நான் நாற்காலியில் இருக்கிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். வாந்தி எடுத்தா மறுபடி கொடுக்க டாக்டர் உத்தரவு வேணும். நெஞ்சுல சளி கட்டினவனுக்கு அபின் கொடுத்து மூச்சு நின்னா நீயா பதில் சொல்லுவே?" என்றேன்.

சளி விஷயமும் உண்மைதான். போன வாரம்தான் ஒரு பஞ்சாபிக் கிழவருக்கு டாக்டரே அந்தக் காரணத்துக்காக அளவை வெகுவாகக் குறைத்திருந்தார். கைக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் கெட்ட எண்ணத்துக்கு எவ்வளவு வசதி! முகாம் இரண்டு மைல்தான். நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம்.

"டாக்டர்கிட்டக் கேக்கலாம்னா அவரு நெனவில்லாமக் கெடக்காரு, அண்ணாச்சி. அவரு வீட்டம்மா உள்ளயே விடமாட்டேங்காங்க. நீங்க வந்து ஒரு தடவை அவரு கண்ணைப் பாருங்களேன்" என்று சூசை தன் சாவியை நீட்டிக்கொண்டே நின்றான். என் சாவி என் மடியில் இருந்தது. நான் பழைய பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.  பிறகு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒரு குடுவையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். அவன் போனதும் எனக்கு ஜெயித்துவிட்டது மாதிரி இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் டாக்டர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் எதிரில் நின்றார். காய்ச்சல் விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஊ சானின் மகன் போய் எழுப்பியிருக்கிறான்.

"கண்ணைப் பார்த்தீரா, ஓய்?"

"இல்லை, சார்."

குரல் இறங்கியது. "பெட்டியைத் திறக்கணும். வாரும்."

சூசை கிழவர் பக்கத்திலேயே இருந்ததால் பெரிய பூட்டின் சாவியை மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். பெட்டியைத் திறந்தோம். இரண்டு மைலும் டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். 

ஊ சான் குடிசைக்குள் சுருண்டு கிடந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, கண் உள்ளே போய்விட்டது. முகாமில் அத்தனை பெரிய யானையை ஒரு சொல்லில் மண்டியிட வைக்கும் மனுஷன், ஈ உட்கார்ந்தால் ஓட்டத் தெம்பில்லாமல் கிடந்தார். சூசை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனில் கஞ்சித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ராத்திரி முழுக்க அப்படியே இருந்தானாம். அந்தத் தண்ணீர்தான் கிழவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது என்று டாக்டர் அப்புறம் சொன்னார். உள்ளங்கையில் சூடாக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நெஞ்சில் சளி இல்லை. தண்ணி மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கன்னத்துக்குள் விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டார். மத்தியானம் ஆவதற்குள் நடுக்கம் நின்றது. கிழவர் கண்ணைத் திறந்து பார்த்தார், சூசையைப் பார்த்தார்.

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். "நேத்தே இது தெரிஞ்சிருக்கு. நேத்தே ஏன் குடுக்கல?"

கேள்வி இரண்டு பேருக்கும் பொது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், சான்றிதழும் போய்விடும்.

"சாவி, சார்" என்றான் சூசை. "உங்க சாவிய எங்கயோ வச்சுத் தொலைச்சிட்டேன். தேடிப் புடிக்க ராத்திரி ஆயிட்டு. அண்ணாச்சி மேல தப்பில்ல."

"நீயா?" என்றார் டாக்டர். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நான் யானை கட்டியிருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அபின் பெட்டிச் சாவியைத் தொலைத்தவனைப் படிப்புக்கு அனுப்பச் சொல்லி எந்த டாக்டரும் சிபாரிசு செய்ய முடியாது. அந்த வாரமே சிபாரிசைத் திரும்பப் பெறும் கடிதம் போயிற்று. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

முகாமிலிருந்து திரும்பும்போது டாக்டரை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். எனக்காக இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறான், ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? "எனக்காக நீ ஏன் சூசை..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்காகவா?" என்று நின்றுவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததே இல்லை. "உம்ம வேலை போச்சுன்னா பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. சர்டிபிகேட்டு உம்ம பேருலல்லா இருக்கு. வேற ஆளு வர லாஞ்ச் எங்க இருக்கு? மூணு முகாம்லயும் அத்தனை கெழவனும் ஊ சான் மாதிரிச் சுருண்டு கெடப்பான். அதுக்காவச் சொன்னேன். உமக்காவச் சொல்லல."

அதுவரை அண்ணாச்சி என்றவன் வாயில் 'உமக்கு' வந்தது அன்றைக்குத்தான். மீதி வழி முழுக்க எனக்குள் ஒரே புகைச்சல். என்னைக் காப்பாற்றினான் என்றால் நன்றியாவது சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிடலாம். நான் அவன் யோசனையிலேயே இல்லை. தன் படிப்பை விட்டுக்கொடுக்கிற அந்த நேரத்திலும் கிழவர்களைத்தான் நினைத்திருக்கிறான். அப்படி நினைக்க எனக்கு வராது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவன் இந்திக்கும் டாக்டரின் பிரியத்துக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

காய்ச்சல் ஓய்ந்து கப்பல் வந்தது. பெட்டி ஒருநாளும் மூடிக் கிடக்கவில்லை, பாஸ்காரர்களில் ஒருவரும் மருந்தில்லாமல் சாகவில்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. கம்பவுண்டர் என்பதால் பாராட்டு என் பெயருக்கு வந்தது. சூசையை வடக்கே ஒரு தூரத்து முகாமுக்கு மாற்றினார்கள்.

அவன் போன பிறகு ஜன்னலில் திருட்டுத்தனம் அதிகமாகிவிட்டது. வாயைத் திறந்து காட்டிவிட்டே மாத்திரையை ஈறுக்கு மேலே ஒட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரிடம் புலம்பினேன்.

"சூசை இருந்தப்போ யாராவது ஒளிச்சானா?" என்றார். "அவன் எதுக்கு சாயா குடுத்தான், எதுக்கு மருமக சண்டையெல்லாம் கேட்டான்னு நினைச்சீரு? வாய்க்குள்ள மாத்திரைய வச்சிக்கிட்டுச் சூடா சாயாவும் குடிச்சு, அத்தனை கதையும் சொல்ல முடியுமா, ஓய்? அவனும் சோதனைதான் போட்டான். யாருக்கும் சோதனைன்னு தெரியாமப் போட்டான்."

மறுநாள் நானும் சாயா போட்டேன். "கல் க்யா பனாயா?" என்றேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஊ சான் வந்தார். மாத்திரையை விழுங்கினார், நான் கேட்காமலே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் என்னிடம் முதல்நாள் சமையலைச் சொல்ல ஏழு மாதம் ஆயிற்று. நெத்திலிக் கருவாடு என்றார். அன்றைக்கு வீட்டில் நானும் கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

பிறகு போர்ட் பிளேருக்கு மாற்றலாகி, மேலே மேலே போய், எனக்குக் கீழே பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். சாயா கொடுத்துப் பேச வைப்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முத்தையா சார் முறை என்று அவர்களாகவே பெயர் வைத்தார்கள். நான் மறுத்ததில்லை.

ஒரே ஒரு தடவை, அவன் வருகிறான் என்று கேள்விப்பட்டுப் போய், சூசையை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தகரப் பெட்டியும் கையுமாக லாஞ்சிலிருந்து இறங்கினான். அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறானாம். கடைசி வரைக்கும் டிரெஸ்ஸர்தான். "நல்லாருக்கீங்களா, அண்ணாச்சி?" என்றான். பழைய அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டது. ஊ சான் தூக்கத்திலேயே போய்விட்டார், கடைசியில் அவர் அளவு கடுகளவுக்கு வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

"தெரியும். அவரு மவன் எனக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். போய் மண்ணுப் போட்டுட்டு வந்தேன்" என்றான்.

அத்தனை வருஷம் மருந்து கொடுத்தவன் நான். எனக்கு அந்தச் சாவுச் செய்தி, அவருடைய பாஸை ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பிய கவரில்தான் வந்தது. ஜெட்டியிலேயே எனக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு போயிருந்தேன், கேட்கவில்லை. பெட்டியை ஒரு கை பிடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அந்த முறை என்னுடையது இல்லை, பலகையில் சூசை பெயரைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அங்கிள். அவர் முழுப் பெயர் என்ன? இனிஷியல்? எந்த ஊர்?" என்று கேட்டார்.

தெரியவில்லை. ஊர்கூடத் தூத்துக்குடிப் பக்கம் என்பதோடு சரி. ஒவ்வொரு கிழவர் வீட்டுச் சமையலும் அவனுக்குத் தெரியும். நாலு வருஷம் ஒரே கூரையின் கீழே வேலை பார்த்தவனுடைய அப்பா பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

"சூசை, டிரெஸ்ஸர். அவ்வளவு போதும்மா" என்றேன்.

போனை வைத்ததும் என் சான்றிதழைப் பார்த்தேன், இன்றைக்கும் என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது. என் பெயர் இனிஷியலோடு முழுதாக இருக்கிறது. அங்கே அந்த வாசலில் வெறும் 'சூசை' என்று மட்டும் எழுதப் போகிறார்கள். என் பெயரைவிட அதுதான் எடுப்பாக இருக்கும், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.